கப்பற் பயணமும் பருத்தித்துறைத் தட்டைவடையும்

பத்திரிகைத் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். அந்தக் காலத்தில் ஒரு செய்தியில் பெயரோ தொகையோ பிழைத்துவிட்டால், மறுநாட் பத்திரிகையில் 'திருத்தம்' என்ற தலைப்பின் கீழ் சிறிய எழுத்தில் இரண்டு வரி போட்டுவிட்டு அடுத்த வேலையைக் கவனிப்போம். இன்று நான் எழுத அமர்ந்திருப்பதும் ஒரு திருத்தமே. ஆனால், இது எந்தப் பத்திரிகைக்கும் உரியதன்று. என் மகளின் மகனுக்கு நான் கடமைப்பட்டிருக்கும் திருத்தம். அதைச் சொல்ல இரண்டு வரிகள் போதா. கொஞ்சம் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும்.

2018 டிசம்பரில் எனக்கு எழுபது வயது நிறைந்தது. ரொறன்ரோவில் வாழும் மகளும் மருமகனும் அதைக் கொண்டாட ஓர் உல்லாசக் கப்பற் பயணத்தை ஒழுங்கு செய்திருந்தனர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள போர்ட் லோடர்டேல் துறைமுகத்தில் ஏறி, கரிபியன் கடலைச் சுற்றி, பத்து நாட்களின் பின் அதே துறைமுகத்தில் இறங்குவது. பனாமா கால்வாயின் ஒரு பகுதியும் கொஸ்தா ரிக்கா நாட்டின் லிமோன் துறைமுகமும் அந்தப் பாதையில் இருந்தன. நானும் மனைவியும் கொழும்பிலிருந்து சென்று அவர்களுடன் சேர்ந்துகொண்டோம்.

பேரனுக்கு அப்போது ஏழு வயது. நான்கு வயதில் அவனுக்குச் சீலியாக் நோய் இருப்பதாகக் கண்டறிந்திருந்தனர். கோதுமை, வாற்கோதுமை, றை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை அவனது உடல் பகையாகக் கொள்கிறது. அது உள்ளே சென்றதும் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கிச் சிதைக்கிறது. உண்ட உணவின் சத்து உடலிற் சேராது போகிறது. நோய் தெரியவருமுன் அவன் வயிறு ஊதி, கைகால் மெலிந்து, வளர்ச்சி நின்றுபோய் இருந்தான். உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டு என்பர். இதற்கு மருந்து இல்லை. குளூட்டனை வாழ்நாள் முழுதும் ஒழிப்பதொன்றே வழி.

இவற்றையெல்லாம் மகள் தொலைபேசியில் எனக்குப் பலமுறை விளக்கியிருந்தாள். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் உள்ளூர நம்பவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பாண் தின்னும் நாட்டில் வரும் நோய், சோறும் பிட்டும் உண்டு வளர்ந்த எங்கள் குடும்பத்துக்கு எப்படி வரும் என்று எண்ணினேன். வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பெற்றோர் பொத்திப்பொத்தி வளர்ப்பதன் விளைவு என்றுகூட ஒருமுறை மனைவியிடம் சொன்னதுண்டு.

கப்பலில் ஏறிய முதல் நாளே என் எண்ணம் சற்று ஆட்டங்கண்டது. பயணச்சீட்டு எடுத்தபோதே மகள் பிள்ளையின் நிலையை எழுத்தில் அறிவித்திருந்தாள். ஏறிய அன்று மாலை உணவுக்கூடத்தின் தலைமைப் பரிமாறுநர் எங்கள் மேசைக்கு வந்தார். கோவாவைச் சேர்ந்தவர். ஒவ்வோர் இரவும் அவர் மறுநாள் உணவுப் பட்டியலைக் கொண்டுவருவார். மகள் அதிலிருந்து பிள்ளைக்கு வேண்டியதைத் தெரிவு செய்வாள். எந்தக் குழம்பு மா கரைத்துத் தடிப்பாக்கப்பட்டது, எந்தப் பொரியல் பாண்தூள் பூசிய மீனுடன் ஒரே எண்ணெயிற் பொரிக்கப்படுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாத இடத்தில் "சமையற்கூடத்திற் கேட்டு வருகிறேன்" என்று சொல்லிச் சென்று, கேட்டே திரும்பி வந்தார். பேரனின் உணவு தனிச் சட்டியில் ஆக்கப்பட்டு, மூடிய தட்டில், வேறாக வந்தது.

மேற்தளத்தில் நாள் முழுவதும் திறந்திருக்கும் விருந்துமேசைகளில் மலைமலையாக உணவு குவிந்திருக்கும். அங்கு மட்டும் பிள்ளையைத் தானாக எடுத்து உண்ண மகள் விடவில்லை. பாண் துண்டைத் தூக்கிய இடுக்கியாலேயே அடுத்தவர் பழத்தையும் தூக்குவார். அந்தத் துகளே போதும் என்றாள். ஆயிரக்கணக்கானோருக்கு வேளைதோறும் உணவு படைக்கும் அந்த மிதக்கும் ஊரில், பேரன் ஒரு வாழைப்பழத்தைத் தோலோடு எடுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கடலோடிகளின் உணவு வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது ஒரு விசித்திரமான காட்சி. 1677இல் பிரித்தானியக் கடற்படைக்காகச் சாமுவேல் பெப்பீஸ் வகுத்த உணவு ஒப்பந்தப்படி, ஒரு மாலுமிக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் பிஸ்கட்டும் ஒரு கலன் பியரும் கிடைத்தன. முன்னது கோதுமை, பின்னது வாற்கோதுமை. இரண்டும் என் பேரனுக்கு நஞ்சு. அந்தக் காலக் கப்பலில் அவனைப் போன்ற ஒருவனுக்கு வாழ்வே இல்லை.

ஆனால், உணவே நோயைத் தரும், உணவே நோயைத் தீர்க்கும் என்பதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த முதல் இடங்களில் ஒன்றும் கப்பலே. 1747இல் 'சோல்ஸ்பரி' என்ற போர்க்கப்பலில் வைத்தியராக இருந்த ஜேம்ஸ் லிண்ட், பற்கள் ஆடி, முரசு வீங்கி, உடல் சோர்ந்து கிடந்த பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் வெவ்வேறு மருந்துணவு கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்டவர்களே விரைந்து தேறினர். எனினும், எலுமிச்சைச் சாற்றைக் கடற்படை முழுவதற்கும் வழங்கும் முடிவு 1795இலேயே வந்தது. இடைப்பட்ட நாற்பத்தெட்டு ஆண்டுகளில் மடிந்தோர் பலர். கண்ணாற் கண்டதை நம்புவதற்கு மனிதருக்கு அவ்வளவு காலம் தேவைப்பட்டது. என்னைப் பற்றியும் அதையே சொல்லலாம்.

கப்பலில் உண்ண முடியாதவர்களுள் நாம் அனைவரும் அறிந்த ஒருவரும் உண்டு. 1888 செப்டெம்பரில் பம்பாயிலிருந்து 'கிளைட்' என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட மோகன்தாஸ் காந்திக்கு வயது பதினெட்டு. புலால் உண்பதில்லை என்று தாயிடம் வாக்களித்திருந்தார். மேசையில் வைக்கப்படும் உணவுகளில் எது இறைச்சி கலவாதது என்று கேட்கக் கூச்சம். ஆகவே, வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் தம் அறைக்குள்ளேயே உண்டு நாட்களைக் கழித்ததாகத் தம் சுயசரிதையிற் கூறியுள்ளார். "இதில் என்ன இருக்கிறது?" என்ற சிறிய கேள்வியைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

என் பேரனுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. எதைக் கொடுத்தாலும் கேட்டுவிட்டே கைநீட்டப் பழக்கப்பட்டிருந்தான். என் தவறின் கனமும் அதிலேயே இருக்கிறது.

கொழும்பிலிருந்து புறப்படுமுன், பருத்தித்துறையில் இருக்கும் என் தங்கை ஒரு பெட்டி நிறையத் தட்டைவடை சுட்டு அனுப்பியிருந்தாள். எங்கள் ஊரின் பெயரைத் தாங்கி உலகெங்கும் போகும் பண்டம் அது. லிமோன் துறைமுகத்தை அடைவதற்கு முதல்நாள் மாலை, மற்றவர்கள் ஏதோ நிகழ்ச்சி பார்க்கச் சென்றிருக்க, நானும் பேரனும் அறையில் இருந்தோம். பெட்டியைத் திறந்தேன். செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்ந்த அந்த மணம் அறையை நிறைத்தது.

"அம்மப்பா, இதிலை கோதுமை இருக்கா?" என்று அவன் கேட்டான்.

"இல்லை ராசா, இது உளுந்து. எங்கடை ஊர்ச் சாமான். நீ பயப்பிடாமல் சாப்பிடு" என்றேன்.

அவன் இரண்டு வடை உண்டான். மூன்றாவதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. ஐந்து நாட்களாக மூடிய தட்டில் உண்ட பிள்ளை, என் கையால், என் ஊர்ப் பண்டத்தை ஆசையோடு உண்கிறான் என்ற பெருமிதம் அது.

இரவு பதினொரு மணியளவில் வாந்தி தொடங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். மகள் கட்டிலின் அருகே மண்டியிட்டு அமர்ந்து, அன்று முழுவதும் அவன் உண்டவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். தலைமைப் பரிமாறுநரை அழைத்துக் கேட்கவேண்டும் என்றாள் மருமகன் பக்கம் திரும்பி. அப்போதுதான் நான் பெட்டியை எடுத்துக் காட்டினேன்.

"இதை ஆர் சுட்டது? மாமியோ?" என்றாள். பின் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தாள். "அப்பா, தட்டைவடைக்கு உளுந்தோடை கோதுமை மாவும் போட்டுத்தானே குழைக்கிறது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எழுபது வயதுவரை அந்த வடையைத் தின்றவனுக்கு, அது எதனால் ஆனது என்பது தெரியாது. தெரியாது என்பதைவிடப் பெரிய பிழை, தெரிந்தவன் போல் ஒரு குழந்தைக்குப் பதில் சொன்னது. "உங்களை நம்பித்தானே விட்டனான்" என்று மட்டும் மகள் சொன்னாள். அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை.

கப்பலில் ஒருவர் வாந்தியெடுத்தால் மருத்துவ அறைக்கு அறிவித்தே ஆகவேண்டும். நெருக்கமான அந்த இடத்தில் வயிற்றுத் தொற்று ஒன்று வந்தால் ஓரிரு நாட்களில் நூற்றுக்கணக்கானோரைப் பீடித்துவிடும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களில் இத்தகைய நோய்களைக் கண்காணிக்கும் திட்டம் 1975இலிருந்து உள்ளது. வைத்தியர் நாங்கள் சொன்னதை நம்பினார். எனினும், தொற்று அல்ல என்பது உறுதியாகும்வரை பிள்ளை அறையை விட்டு வெளியேறக்கூடாது என்றார். மறுநாட் காலை லிமோனில் இறங்கி, காட்டில் மரத்தோடு மரமாகத் தொங்கும் தேவாங்கு போன்ற சோம்பல் விலங்கைப் பார்ப்பதென்று பேரன் வாரக்கணக்காகக் காத்திருந்தான். அது இல்லாமற் போயிற்று. மற்றவர்களை வற்புறுத்தி அனுப்பிவிட்டு நான் அவனோடு இருந்தேன். சமையற்கூடத்திலிருந்து வெறுஞ்சோறும் வாழைப்பழமும் மூடிய தட்டில் வந்தன. சோற்றை ஒதுக்கிவிட்டு வாழைப்பழத்தை மெல்ல மெல்ல உண்டான்.

சன்னலுக்கு வெளியே லிமோன். சீலியாக் நோயுற்ற குழந்தை ஒன்று வாழைப்பழம் உண்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் உலகில் இல்லை என்பதை, ஊர் திரும்பி இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதே உணர்ந்தேன்.

இந்நோய் புதிதன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்துக்கு முன்பே கப்படோசியாவைச் சேர்ந்த அரேட்டியஸ் என்ற கிரேக்க வைத்தியர் இதனை ஒத்த நோயை வர்ணித்துள்ளார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே நோயின் பெயர் வந்தது. நவீன மருத்துவத்தில் இதனைத் தெளிவாக விவரித்தவர் இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ. 1888இல் வெளியான தம் கட்டுரையில், இது தீருமானால் உணவாலேயே தீரவேண்டும் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. நாள்தோறும் டச்சு மட்டிச் சிப்பியை நிறைய உண்ட ஒரு குழந்தை வியக்கத்தக்கவாறு தேறியது என்றும், சிப்பிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பியது என்றும், அடுத்த பருவத்தில் அக்குழந்தை சிப்பியைத் தொடவே மறுத்துவிட்டது என்றும் அவர் பதிந்துள்ளார். பிள்ளைகளுக்கு உணவூட்டிய எவருக்கும் அந்த மறுப்பு வியப்பளிக்காது.

1924இல் நியூயோர்க் வைத்தியர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையை வெளியிட்டார். பாண், பிஸ்கட், தானியம், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தி, வாழைப்பழத்தை நிறையக் கொடுத்தபோது, இறந்துவிடுவர் என்று கருதப்பட்ட குழந்தைகள் எழுந்து நடந்தனர். பல ஆண்டுகள் இதுவே சிகிச்சையாக இருந்தது. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பாண் மிகுதியாக உண்ணும் நகரத்தவருக்கு இத்தகைய வயிற்றுநோய் வருகிறது, வாழைப்பழத்தை மிகுதியாக உண்ணும் உழவர்களுக்கு வருவதில்லை என்ற செய்தியும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆயினும், வாழைப்பழத்தில் ஏதோ அரிய மருந்து உண்டென்றே அவர் நம்பினார். குழந்தைகளைக் காத்தது தட்டில் வைத்த பழம் அன்று, தட்டிலிருந்து அகற்றிய பாண் என்பதை அவர் காணவில்லை.

அந்த வாழைப்பழங்கள் நியூயோர்க்குக்கு வந்ததே ஒரு பெரிய கதை. மைனர் கீத் என்ற அமெரிக்கர் லிமோனிலிருந்து தலைநகர் சான் ஹோசேவுக்கு இருப்புப்பாதை அமைத்தார். 1871இல் தொடங்கிய வேலை 1890இல் முடிந்தது. ஜமேக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் மாண்டனர். பாதையோரம் நட்ட வாழையே பின்னர் பாதையைவிடப் பெரிய வருமானமாயிற்று. 1899இல் யுனைட்டெட் புரூட் கம்பனி உருவானது. பழத்தைக் குளிரூட்டி ஏற்றிச்செல்லும் அதன் கப்பல்களுக்கு வெயிலின் வெப்பம் ஏறாதிருக்க வெள்ளை நிறம் பூசினர். 'பெரிய வெள்ளைக் கப்பற்படை' என்று அவை பெயர்பெற்றன. பழத்தோடு பயணிகளையும் ஏற்றிக் கரிபியன் துறைமுகங்களைக் காட்டிவந்தன. நாங்கள் சென்றதைப் போன்ற உல்லாசப் பயணங்களின் முன்னோடிகளுள் இந்த வாழைப்பழக் கப்பல்களும் அடங்கும். 1928 டிசம்பரில் அதே கம்பனியின் தோட்டத் தொழிலாளர்கள் கொலம்பியாவின் சியெனாகா நகரில் வேலைநிறுத்தம் செய்தபோது இராணுவம் சுட்டது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை சர்ச்சைக்குரியது. நியூயோர்க்கில் ஒரு குழந்தையைப் பிழைக்கவைத்த பழத்தின் பின்னால் இவ்வளவும் இருந்தது.

உண்மையைக் கண்டவர் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் கரெல் டிக்கே. 1905இல் பிறந்தவர். ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். பாணை நிறுத்தியதும் தன் பிள்ளையின் நிலை தேறியது, மறுபடி கொடுத்ததும் கெட்டது என்று ஒரு இளந்தாய் சொன்னதே அவரைச் சிந்திக்க வைத்தது என்று அவரைப் பற்றி ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். தாய் சொன்னதை அவர் தள்ளிவிடவில்லை. 1930களிலேயே கோதுமையற்ற உணவைச் சோதிக்கத் தொடங்கினார்.

பின்னர் யுத்தம் வந்தது. 1944 செப்டெம்பரில் நெதர்லாந்து ரயில் தொழிலாளர்கள் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தனர். பதிலுக்கு ஜெர்மானியர் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். மாரியில் கால்வாய்கள் உறைந்தன. பாண் கிட்டத்தட்ட இல்லாதொழிந்தது. மக்கள் துலிப் பூவின் கிழங்குகளை அவித்துண்டனர். சுமார் 20,000 பேர் மாண்டனர். அந்தப் பட்டினி மாரியில், ஊரே மெலிந்தபோது, சீலியாக் நோயுற்ற குழந்தைகள் சிலர் தேறினர். பாண் திரும்பி வந்ததும் அவர்களின் நோயும் திரும்பி வந்தது. ஊருக்கு உயிர் தந்த பாண் அவர்களை வீழ்த்தியது.

டிக்கே இதைக் கொண்டு மட்டும் முடிவுகட்டவில்லை. யுத்தத்தின் பின், குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், நீண்டகாலம் அவர்களின் எடையையும் வளர்ச்சியையும் அளந்தார். கோதுமையும் றையும் தீங்கு, அரிசியும் சோளமும் தீங்கற்றவை என்று கண்டார். 1950இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் அதை வெளியிட்டார். வான் டி காமர், வெயர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, தீங்கு செய்வது கோதுமையின் மாப்பொருள் அன்று, அதன் புரதமே என்று அடுத்த சில ஆண்டுகளில் நிறுவினார். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் வைத்தியர்களும் 1952இல் இதனை உறுதிசெய்தனர். டிக்கே 1962இல் காலமானார்.

இந்த இடத்தில் என் சிந்தனை பருத்தித்துறைக்குத் திரும்பியது. அதே யுத்தம் எங்கள் தீவில் என்ன செய்தது? அக்காலத்தில் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே, முக்கியமாகப் பர்மாவிலிருந்தே, பெற்றது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றினர். ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசினர். பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. அதற்கு முன்னரும் பாண் இங்கு இருந்தது. அச்சொல்லே போர்த்துக்கேயர் தந்தது. ஆனால், கோதுமை மா ஏழை வீட்டு அடுப்படிக்குள் நிலையாகக் குடியேறியது அந்தப் பஞ்சகாலத்தில் என்றே என் தாயார் சொல்வார். சங்கக்கடையில் வாங்கிய மாவை அவித்து அரித்து, அரிசி மாவுடன் கலந்து பிட்டவித்த கதையை அவர் சொல்ல நான் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன். இன்றும் எங்கள் பக்கத்து மூதாட்டியர் கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்பர். வந்த வழியைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். நான்தான் காதிற் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரே யுத்தம். நெதர்லாந்தில் கோதுமை இல்லாமற் போனதால், அது சில குழந்தைகளுக்கு நஞ்சு என்பது வெளிச்சத்துக்கு வந்தது. எங்கள் ஊரில் அரிசி இல்லாமற் போனதால், கோதுமை எங்கள் பிட்டுக்குள்ளும் இடியப்பத்துக்குள்ளும் வடைக்குள்ளும் சத்தமின்றிப் புகுந்து, 'எங்கள் உணவு' என்றே ஆகிவிட்டது. அந்த மாலையில் என் பேரனுக்கு "எங்கடை ஊர்ச் சாமான்" என்று நான் சொன்னது பொய்யன்று. எங்கள் ஊர்ச் சாமானுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அறியாதவனின் பேச்சு. வரலாற்றுக் கட்டுரைகள் பல எழுதியவன், தன் கையிலிருந்த வடையின் வரலாற்றை அறியவில்லை.

இந்நோயுள்ளவர்களின் பெற்றோர் எத்தனை வகைக் கபடங்களோடு போராடுகிறார்கள் என்பதைப் பின்னரே மகளிடம் கேட்டறிந்தேன். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திற் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். சோயா சோஸ் பொதுவாகக் கோதுமையும் சேர்த்தே நொதிக்க வைக்கப்படுவது. உளுந்திலும் அரிசியிலும் கோதுமை இல்லைத்தான். ஆனால், கோதுமை அரைத்த ஆலையிலேயே அவற்றைக் கொடுத்து அரைத்தால் மா கலந்துவிடும். இதனாற்றான் பொதிகளில் எழுதியிருப்பது அவர்களுக்கு வேதவாக்கு ஆகிறது. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் அற்றது' என்று எழுதக்கூடாது என்ற அளவைச் சர்வதேச உணவு விதிகள் ஏற்றுள்ளன. அமெரிக்கா அந்த அளவை 2013இல் விதியாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2014 டிசம்பர் முதல், பொதி செய்யாமல் விற்கும் உணவிலும் குளூட்டன் உள்ள தானியங்கள் உட்படப் பதினான்கு வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி அறிவித்தாக வேண்டும். கப்பலின் தலைமைப் பரிமாறுநர் இரவுதோறும் பட்டியலுடன் வந்ததன் பின்னால், அவருடைய நல்ல குணத்தோடு, இத்தகைய விதிகளும் பல பிள்ளைகள் பட்ட வேதனையும் இருந்தன.

ஆனால், எந்தச் சட்டமும் அம்மப்பாவின் பயணப் பைக்குள் வந்து பார்ப்பதில்லை. எங்கள் சமூகத்தில் உபசரிப்பு என்றால் வற்புறுத்தல். "ஒரு துண்டுதானே, ஒண்டும் செய்யாது" என்பது எங்கள் விருந்தோம்பலின் மந்திரம். நீரிழிவுக்காரருக்கு இலட்டைத் திணிப்போம். வேண்டாம் என்பவரை மதிப்புக் குறைவாக நினைப்போம். அந்த மந்திரத்தை வைத்தே எழுபது ஆண்டுகள் வாழ்ந்தேன். அதைக் கேட்காமல் வளரவேண்டிய ஒரு பிள்ளை எனக்குப் பேரனாக வாய்த்தான்.

அன்று பிற்பகல், கப்பல் லிமோனை விட்டுப் புறப்படுமுன், அவன் சற்றுத் தெளிந்து எழுந்து அமர்ந்தான். நான் அவனிடம் சொன்னேன்: "ராசா, நீ கேட்டபோது எனக்குத் தெரியாது. தெரியாது எண்டு சொல்லியிருக்க வேணும். பிழை என்னிலை."

அவன் சற்று யோசித்தான். "தெரியாட்டி அம்மாட்டைக் கேட்டிருக்கலாம்" என்றான். பிறகு, "வடை நல்லாத்தான் இருந்தது" என்றும் சொன்னான்.

மறுநாள் அவனை வெளியே விட்டனர். எஞ்சிய நாட்களில் இரவுதோறும் பட்டியல் வரும்போது நானும் கண்ணாடியை அணிந்துகொண்டு மகளின் அருகில் அமர்ந்தேன். தெரியாத ஒவ்வொன்றையும் கேட்டேன். தலைமைப் பரிமாறுநர் அலுத்துக்கொள்ளாமல் பதில் சொன்னார். பெட்டியிலிருந்த வடைகளை நானும் தொடவில்லை.

ஊர் திரும்பியதும் தங்கையிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவள் என்னைவிட அதிகம் அழுதாள். பிறகு, உளுந்தும் அரிசி மாவும் மட்டும் சேர்த்து, ஆலைக்குக் கொடுக்காமல் வீட்டிலேயே அரைத்து, புதுச் சட்டியிற் புது எண்ணெய் விட்டுச் சுட்டுப் பார்த்தாள். முதல் இரண்டு முறை உதிர்ந்து போயின. மூன்றாம் முறை சரியாக வந்தது. பழைய வடையின் மொறுமொறுப்பு முழுவதும் இல்லை, ஆனால் மணம் அதேதான்.

அன்று முதல், கனடாவுக்குப் போகும் ஒவ்வொரு பொதியின் மேலும் ஒரு காகிதம் ஒட்டுகிறேன். உளுந்து, வீட்டில் இடித்த அரிசி மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், உப்பு, நல்லெண்ணெய் என்று என் கையாலேயே எழுதி, திகதியும் இடுகிறேன். எழுதுமுன் தங்கையை அழைத்து ஒவ்வொன்றையும் கேட்டுச் சரிபார்க்கிறேன். பேரன் இப்போது என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். பொதி போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் அழைத்து, காகிதத்தில் உள்ளதை எனக்கே உரத்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பொதியைப் பிரிக்கிறான்.